மானோ போ

மாமனார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கேமரா கிளிக் ஆனதும் அதே நொடியில்தான்.

யூனியன் சிட்டியில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மத்தியானம். என் மனைவி ஸ்டெல்லா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் நெத்திலி வறுப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிலிப்பினோக்கள். நாங்கள் வறுத்தால் அவர்களுக்குப் பசிக்கும். அவர்கள் வறுத்தால் எங்களுக்கு.

அந்த வீட்டுப் பெண் ஜிங்ஜிங். ஞானஸ்நானப் பெயர் மூன்று வரி இருக்கும். அதை நான் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. என் மகள் ரீனாவின் வகுப்பு, ரீனாவின் வயது, பன்னிரண்டு. நாலைந்து வருடங்களுக்கு முன்புதான் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தவள். கதவைத் திறந்து வந்தாள், சோபாவில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள், நேராகப் போய்க் குனிந்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கப் போனாள். வாயால் ஏதோ சொன்னாள். பின்னால் ரீனா கேமராவோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாம்ப் ஒட்டாத பத்திரத்தை நீட்டிவிட்டதுபோல அவர் கை பின்வாங்கியது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நெத்திலி சாப்பிடவில்லை. திருச்சியிலிருந்து அவர் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நெத்திலியை அவர் மறுத்து என் கல்யாணத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

பெர்னாண்டோ குடும்பத்தின் பூர்வீகம்

ரீனாவின் கையில் கேமரா எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

டாட்காம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைக் கட்டி, வேலை தப்பியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த காலம். டிஜிட்டல் கேமரா அப்போது அரைச் செங்கல் கனம் இருக்கும். நாலு பேட்டரி போட்டால் நாற்பது படம் எடுக்கும். சில நாள் மனம் மாறி நாலு படத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

எங்கள் பங்குக் கோயிலில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள். அவர்களுடைய சங்கம் மாணவர்களுக்கு ஒரு புகைப்படக் கதைப் போட்டி அறிவித்தது. ஆறு படம், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி. தலைப்பு, பிலிப்பினோ விழுமியங்கள். இருவர் சேர்ந்தும் செய்யலாம். ரீனா படம் எடுப்பது, ஜிங் எழுதுவது என்று ஒப்பந்தம்.

"நீ பிலிப்பினோ இல்லையேம்மா, உன்னை எப்படிச் சேத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன்.

"தே டின்ட் ஆஸ்க், டாட்."

கேட்கமாட்டார்கள். நான் தூத்துக்குடிப் பக்கம். நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் கடற்கரையில் என் மூதாதையர் தலையில் தண்ணீர் ஊற்றி, கையோடு ஒரு பெயரையும் கொடுத்துவிட்டுப் போனார். படிவத்தில் ரீனா பெர்னாண்டோ என்று பார்த்த டெஸ் ஆன்ட்டி, அதாவது ஜிங்கின் அம்மா, "வேற யாராவது கேட்டால்கூட, நீ பிலிப்பினோதான்னு நான் சத்தியம் பண்ணுவேன்" என்றாராம். அவர்தான் சங்கத்தில் படிவம் வாங்குகிறவர். கோயிலில் என்னிடமே பலர் தங்கள் மொழியான டகாலோக்கில் பேசத் தொடங்கியதுண்டு. பாதி வாக்கியத்தில் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். தாய்மொழியை மறந்துவிட்ட பிலிப்பினோ என்று நினைத்திருப்பார்கள்.

பெரியவர்களின் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவர்களிடம் உள்ள வழக்கம். கோயில் வாசலில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு படத்தில் ஒன்று அதுதான் என்று முடிவாகியிருந்தது. ஆனால் ஜிங்கின் வீட்டில் பெரியவர்கள் இல்லை. எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். ரீனா தாராளமாக, "என் தாத்தா வந்திருக்கார், அவரை யூஸ் பண்ணிக்கலாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். படம் இயல்பாக வர வேண்டுமென்று தாத்தாவிடம் சொல்லவில்லை.

இயல்பாகத்தான் வந்தது.

ங்க

மாமனார் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொத்துக்கு நாலு எல்லை எழுதிய பத்திரங்களைப் படித்தவர். வடக்கே வாய்க்கால் என்பதை வாய்கால் என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "ஒரு ஒத்து, மாப்பிள்ளை. ஒரு ஒத்துல குடும்பம் ரெண்டாயிருக்கு" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தை ரீனா விமான நிலையத்திலேயே தாண்டிவிட்டாள். "தாத்தா, நீ வா! நீ என் கார்ல உக்காரு!" என்று கட்டிக்கொண்டாள். நாங்கள் அவளிடம் பேசும் தமிழைத்தானே அவள் கற்றுக்கொள்ள முடியும்? பெற்றவர்கள் பிள்ளையிடம் வாங்க, போங்க என்றா பேசுவோம்? வா, போ, உக்காரு, எந்திரி, சாப்பிடு. அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் மொத்த இலக்கணமும் கட்டளைதான். அதைக் கேட்டு வளர்ந்து, அதே தமிழில் பாதிரியாரையும் அழைப்பார்கள்.

மாமனார் கார் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "ரோடெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார்.

இந்த 'ங்க' விஷயத்தில் எனக்கு மட்டும் லாபம். ஸ்டெல்லா சாதாரண நாட்களில் என்னை, "ஏய், குப்பையை வெளிய வச்சியா?" என்று கேட்பவள். அவள் அப்பா வந்து இறங்கியதும், "என்னங்க, குப்பையை வெளிய வச்சீங்களா?" என்று ஆகிவிட்டது. வேலை மாறவில்லை. ஆனாலும் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது நடையில் ஒரு கம்பீரம் வந்தது உண்மை.

டிக்கெட்

நாலு நாள் கழித்து, மளிகைக் கடைக்காக 880 நெடுஞ்சாலையில் ஃப்ரீமான்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், மாமனாரும் நானும் மட்டும்.

"மாப்பிள்ளை, டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா?"

"ஏன் மாமா? உடம்புக்கு எதுவும்..."

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்தார். "அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு என்னைப் பாத்து 'மானம் போ'ங்குது."

நான் லேன் மாறிவிட்டேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"சரியா கேட்டீங்களா மாமா?"

"எனக்குக் கண்ணுதான் ஆபரேஷன் ஆச்சு, காது இல்ல. கையைப் புடிச்சுக்கிட்டு 'மானம் போ'ங்குது. அதுக்கப்புறமும் பாக்குறேன். வந்தா 'ஹலோ, போ'. தண்ணி குடுத்தா 'தேங்க்யூ, போ'. இடிச்சுட்டா 'சாரி, போ'. சாரி சொல்லிட்டுப் போங்கிறவளை நான் எங்கயும் பாத்ததில்ல."

"அந்தப் புள்ளைக்குத் தமிழ் எப்படி மாமா..."

"அதான். யாரு சொல்லிக் குடுத்திருப்பா? கையை நெத்தில வைக்கிறது அவங்க அம்மா சொல்லிக் குடுத்தது, அது தெரியுது. வார்த்தை நம்ம வீட்ல சொல்லிக் குடுத்தது." குரல் இறங்கிவிட்டது. "ரீனா என்னை நீ, வா, போன்னு பேசுது. பாஷை வரல, சரின்னு விட்டுட்டேன். அடுத்த வீட்டுப் புள்ளைக்கும் பழக்கிவிட்டு, கெழவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு போட்டோ வேற எடுக்குது பாருங்க."

ஆதாரத்தோடுதான் பேசினார். கேமரா இருந்தது, சிரிப்பு இருந்தது, வார்த்தை இருந்தது.

"ஸ்டெல்லாகிட்ட சொல்லாதீங்க. புள்ளைகிட்டயும் கேக்காதீங்க. போன மானம் போனதாவே இருக்கட்டும்."

நான் ஓரளவு படித்தவன். வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் இருக்கிறது. உலகத்தின் ஆயிரக்கணக்கான மொழிகளில் ஒன்றிரண்டில் 'போ' என்ற ஓசைக்கு வேறு பொருள் இருக்கலாம் என்று அந்த மூன்று அலமாரியில் ஒரு புத்தகமாவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் அவரை நம்பினேன். ஏனென்றால் ரீனாவின் தமிழ் எனக்குத் தெரியும். அவளிடம் இருந்ததே இருபது வார்த்தை. அதில் 'போ' இரண்டாவது.

டிராவல் ஏஜென்டைக் கூப்பிட்டேன். போட்டிக்கு அடுத்த வாரம் ஒரு சீட் இருக்கிறது, அந்த வாரத் திங்கட்கிழமை வரை பிடித்து வைக்கிறேன், அதற்குள் உறுதி சொல்லுங்கள் என்றார்.

விசாரணை

கேட்காதீர்கள் என்றார் அல்லவா? அன்று சாயங்காலமே கேட்டேன். ரீனா சமையலறை மேடைமேல் உட்கார்ந்து கேமராவுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜிங்குக்கு நீ தமிழ் சொல்லிக் குடுத்தியா?"

"யா!" முகமெல்லாம் பெருமை.

"என்னென்ன?"

"வா. போ. தண்ணி. சும்மா." விரல் விட்டு எண்ணினாள். "டாட், 'போ' சொன்னப்போ ஷி லாஃப்ட் சோ ஹார்ட். பிகாஸ் இன் ஹெர்..."

"நிறுத்து."

அந்த 'பிகாஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரவேண்டிய வாக்கியத்தை நான் கேட்டிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் எனக்கு அப்போது வேண்டியது வாக்குமூலம். அது கிடைத்துவிட்டது.

"பெரியவங்களைப் பாத்துப் போன்னு சொல்றது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? தாத்தா எவ்வளவு ஹர்ட் ஆயிருக்கார் தெரியுமா?"

பேட்டரி அவள் கையிலேயே நின்றது. "தாத்தா இஸ் ஹர்ட்? பிகாஸ் ஆஃப் மீ?"

"ஆமா. போங்கன்னு சொல்லணும். வாங்க, போங்க. அது ஒண்ணுதான் வித்தியாசம். அது ஒண்ணுதான் எல்லாம்."

கேள்வி ஜிங்கைப் பற்றியது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தன் தமிழைப் பற்றித்தான் வழக்கு என்று புரிந்துகொண்டாள். 'வாங்க' என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்தவர் செருப்பைப் போட்டு நடப்பதுபோல இருந்திருக்க வேண்டும். இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில், "தாத்தா, நீ காபி குடி" என்ற குரல் வரவில்லை.

"குட் மார்னிங், தாத்தா. வுட் யூ லைக் சம் காஃபி, ப்ளீஸ்?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "நோ, தேங்க்யூ" என்றார்.

ஒரு வாரம் இப்படியே போனது. தப்பாகப் பேசிவிடக் கூடாதென்று அவள் தமிழையே விட்டுவிட்டாள். தமிழில்கூடப் பேசப் பிடிக்காமல் போய்விட்டது பிள்ளைக்கு என்று அவர் குறித்துக்கொண்டார். ஸ்டெல்லா, "என்னங்க ஆச்சு ரெண்டு பேருக்கும்? ஏர் ஹோஸ்டஸும் பாசஞ்சரும் மாதிரி பேசிக்கிறாங்க" என்றாள். தெரியவில்லை என்றேன். 'என்னங்க'வைக் காப்பாற்றிக்கொள்ள மனிதன் எவ்வளவு பொய்யும் சொல்வான்.

ஆறு படங்கள்

போட்டி சனிக்கிழமை, கோயில் ஹாலில். மாமனார் வரவில்லை என்றார். ஸ்டெல்லா அவருடைய சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் வாதம் கிடையாது.

ஹால் முழுக்க அட்டைகள். பின்னால் நீள மேசையில் அலுமினியத் தட்டுகளில் நூடுல்ஸும் பொரித்த சுருள்களும். எலுமிச்சையும் பூண்டும் சேர்ந்த வாசனை. டெஸ் ஆன்ட்டி தட்டும் கையுமாக ஓடிவந்தார். "ஈட் ஃபர்ஸ்ட், ஈட் ஃபர்ஸ்ட்! லுக் லேட்டர்!" மாமனாரைப் பார்த்ததும் குரல் மாறியது. "குட் ஆஃப்டர்நூன், போ."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. இவருக்கும் ரீனாதான் சொல்லிக் கொடுத்தாளா என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

ரீனாவும் ஜிங்கும் தங்கள் அட்டைக்குப் பக்கத்தில் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் ரீனா தரையைப் பார்த்தாள்.

முதல் படம், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். இரண்டாவது, விருந்தாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல டெஸ் ஆன்ட்டி மீந்த சாப்பாட்டை ஃபாயிலில் சுற்றி அவர் பையில் திணிப்பது. மூன்றாவது, ஊரில் இருக்கும் தாயோடு போனில் பேசும் ஜிங்கின் அப்பா. எழுந்து நின்று பேசுகிறார். கீழே, 'பாட்டிக்குத் தெரியாது. ஆனாலும் அப்பா உட்கார்ந்து பேசமாட்டார்' என்று எழுதியிருந்தது. நாலாவது எனக்கு நினைவில்லை.

ஐந்தாவது ஜிங்கின் வாய் மட்டும். உதடு குவிந்து ஏதோ சொல்லும் நேரத்தில் எடுத்த படம். அதன் கீழே ஜிங்கின் குண்டு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

'போ. இதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது. பெரியவர்களிடம் பேசும்போது கடைசியில் சேர்ப்போம், மரியாதைக்கு. சேர்க்காவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள், ஆனால் என் அம்மா என்னைப் பார்ப்பார். என் சிநேகிதியின் மொழியிலும் இந்த வார்த்தை இருக்கிறது. அங்கே இதற்கு, வெளியே போ என்று அர்த்தமாம். பத்து நிமிடம் சிரித்தேன்.'

ஆறாவது படம் கலங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குனிந்த நெற்றி. அதற்கு முன்னால், காற்றில் பின்வாங்கும் ஒரு வயதான கை.

'மானோ போ. உங்கள் கையைக் கொடுங்கள் என்று அர்த்தம். பெரியவரின் ஆசீர்வாதம் கேட்பது. இவர் என் சிநேகிதியின் தாத்தா. கையை எடுத்துக்கொண்டார். முதலில் நான் அனுமதி கேட்டிருக்க வேண்டும். என் தாத்தா ரொம்ப தூரத்தில் இருக்கிறார், அதனால் அவசரப்பட்டுவிட்டேன்.'

மாமனார் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆறாவதைப் படித்தார். ஐந்தாவதுக்குப் போனார். மறுபடி ஆறாவது. வரிக்கு அடியில் விரல் நகர்ந்தது, நாலு எல்லை சரிபார்ப்பதுபோல. அவ்வளவு நேரம் ஒரு பத்திரத்தை அவர் அலுவலகத்தில்கூடப் படித்திருக்கமாட்டார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் மாமா."

"என்ன கையெழுத்து?" என்றாள் பின்னால் நின்ற ஸ்டெல்லா. சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. டிக்கெட் வரைக்கும் சொன்னேன். அவள் அட்டையைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உனக்கு அறிவு இருக்கா? பக்கத்து வீடுதானே, கேக்கறதுக்கு என்ன?"

அப்பா முன்னாலேயே. என் 'ங்க' அன்றோடு முடிந்தது.

மாமனார் அதைக் கவனிக்கவில்லை. ஜிங்கிடம் போயிருந்தார். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், இந்த முறை தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று. அவர் வலது கையை நீட்டினார். நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அவள் ரீனாவைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து அந்தக் கையை எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"மானோ போ."

"நல்லா இரும்மா" என்றார் மாமனார், தமிழில்.

ரீனா கேமராவைத் தூக்கினாள். பேட்டரி தீர்ந்திருந்தது.

ஆகவே அந்தப் படம் இல்லை. பரிசும் இல்லை. ஆறாவது படம் தெளிவாக இல்லை என்று நடுவர் ஒருவர் எழுதியிருந்தார். தெருவே சேர்ந்து ஒரு வீட்டு சோபாவைத் தூக்கிக்கொண்டு போகும் படக்கதைக்கு முதல் பரிசு. நல்ல கதைதான். எங்கள் பெண்களுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை. ரீனாவின் கோப்பை கைப்பிடி உடைந்து, இப்போது என் மேசையில் பேனாக்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை டிராவல் ஏஜென்டுக்கு யாரும் போன் செய்யவில்லை.

அதற்கு முன், அந்தச் சனிக்கிழமையே, ஹாலின் ஒரு மூலையில், நான் ரீனாவின் பக்கத்தில் போய் நின்றேன். "சாரிம்மா. அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தே. நான் முடிக்க விடல."

"யா. யூ டின்ட்."

"இப்ப சொல்லேன்."

"இட்ஸ் ஆன் த போர்ட், டாட்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லா மேசையில் தட்டுகளை வைத்துவிட்டு, "ரீனா, தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்றாள். மாமனார் இன்னும் அட்டை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ரீனா அவரிடம் போனாள். ஒரு வாரமாகப் பழகிவைத்திருந்த ஆங்கிலம் வாய்வரை வந்திருக்க வேண்டும், அதை விழுங்கினாள்.

"தாத்தா, சாப்பிட வா..."

நின்றாள். 'ங்க'வைத் தேடுகிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. உதடு கூடியது, பிரிந்தது. வரவில்லை. பக்கத்தில் நின்ற ஜிங்கைப் பார்த்தாள். பிறகு, கிடைத்த மரியாதையை எடுத்துக் கடைசியில் ஒட்டினாள்.

"...போ."

தாத்தா, சாப்பிட வா, போ.

ஒருவரை அவமரியாதையாகப் பேசுவதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே 'வா போ என்று பேசுவது'தானே. முப்பது வருடம் ஒரு ஒற்றெழுத்துக்குப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். முகத்தில் என்ன நடக்கிறதென்று ஒரு நொடி எனக்குப் புரியவில்லை.

"வர்றேன் போ" என்றார்.

அந்தப் 'போ' தமிழா டகாலோக்கா என்று நான் கேட்கவில்லை. ரீனா அதற்குள் முன்னால் ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.